முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

என்னிடம் ஒரே இசைத்தட்டின் மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றுமே 'தி ஹேங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்'. இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் மூன்றாவது எல்பி, 1968 மார்ச்சில் எலெக்ட்ரா வெளியிட்டது. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு எதற்கு மூன்று என்று கேட்பார்கள். ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில், எதற்கு ஒன்று என்று கேட்பார்கள். இந்தக் குழு அப்படி. இதைக் கேட்டுவிட்டு "பரவாயில்லை" என்று சொன்ன ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. பிடிக்கும், அல்லது அறையைவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

முதல் பிரதியை கிளாஸ்கோவில் பார்ட்டிக் பகுதியில் ஒரு அறக்கட்டளைக் கடையில் 8 பவுண்டுக்கு வாங்கினேன். வேலைக்காக அந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய தட்டுகள் வாங்கும் பழக்கம் சென்னையிலேயே இருந்தது, மூர் மார்க்கெட் பக்கம் சுற்றி வாங்கிய எச்எம்வி தட்டுகளில் இருந்து தொடங்கியது. ஆனால் இந்தக் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டைக்காகத்தான் எடுத்தேன். இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே விநோதமான உடைகளில் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரு நாயும் நிற்கும் படம். 1967 கிறிஸ்துமஸ் அன்று எடுத்தது என்று பிறகு தெரிந்தது. பார்த்தால் நாடகம் முடிந்து வேஷம் கலைக்காமல் நிற்கிற ஒரு குடும்பம் மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்து போட்டேன். பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, எரிச்சல் வந்தது. குழுவின் பாடகர்களில் ஒருவரான ராபின் வில்லியம்சனின் குரல் ஒரு ஸ்வரத்தில் நிற்காமல் மேலேயும் கீழேயும் வழுக்கிக்கொண்டே போனது. ஒரு பாட்டு பாதியில் வேறு பாட்டாக மாறியது, அதுவும் பாதியில் இன்னொன்றாக மாறியது. நாலாவது பாட்டில் யாரோ அமீபாவைப் பற்றிக் குழந்தைக் குரலில் பாடத் தொடங்கினார்கள். ஊசியை எடுத்துவிட்டேன். தட்டு உறைக்குள் போனது, இரண்டு வருடம் வெளியே வரவில்லை.

இந்தக் குழுவின் மேல் சொல்லப்படுகிற எல்லாப் புகார்களும் அந்த ஒரு தடவையிலேயே எனக்கே தோன்றியவைதான். சுருதி சேரவில்லை, பாட்டுக்கு வடிவம் இல்லை, வாசிக்கத் தெரியாத வாத்தியங்களை எடுத்து வாசிக்கிறார்கள், வளர்ந்தவர்கள் குழந்தைகள் மாதிரி நடிக்கிறார்கள். இதில் எதையும் பொய் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 வாக்கில் எடின்பரோவில் கிளைவ் பாமர், ராபின் வில்லியம்சன் என்று இரண்டு பேர் ஃபிடில், பான்ஜோ வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மைக் ஹெரன் மூன்றாவதாகச் சேர்ந்தார். அவர் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தவர், ராக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். கிளாஸ்கோவில் சாக்கிஹால் வீதியில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் கிளைவ் ஒரு நாட்டுப்பாடல் கிளப் நடத்தினார். இரவு முழுக்கப் பாட்டு நடக்கும், கொஞ்ச காலம்தான் இருந்தது, குழுவின் பெயர் அந்தக் கிளப்பின் பெயரில் இருந்துதான் வந்தது. அந்த வீதியில் நான் வாரத்தில் மூன்று நாளாவது நடக்கிறேன். அந்தப் பாட்டுகள் ஒலித்த மாடி எது என்று அண்ணாந்து பார்க்காமல் இன்றுவரை என்னால் கடக்க முடிந்ததில்லை.

அப்போது எலெக்ட்ராவுக்காக வேலை செய்துகொண்டிருந்த தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அவர்களைக் கண்டுபிடித்தார். 1966இல் முதல் எல்பி வந்தது. வந்த கையோடு குழு சிதறிவிட்டது. கிளைவ் ஆப்கானிஸ்தான், இந்தியா என்று கிளம்பிப் போனார். ராபின் தன் காதலி லிக்கரிஷோடு மொராக்கோ போனார். மைக் எடின்பரோவிலேயே இருந்துவிட்டார். ராபின் கையில் காசு தீர்ந்து திரும்பி வந்தபோது ஒரு மூட்டை வாத்தியங்களோடு வந்தார். கிம்ப்ரி என்று தோல் போர்த்திய ஒரு மொராக்கோ தந்தி வாத்தியம், குழல்கள், இன்னும் என்னென்னவோ. கிம்ப்ரியை விரலால் மீட்ட வேண்டும். இவர் வில் போட்டு இழுத்து வாசித்தார். மொராக்கோக்காரர் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் 1967 ஜூலையில் வந்த இரண்டாவது எல்பியில், 'சைனீஸ் ஒயிட்' பாட்டில் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். தொண்டை அடைத்த ஒருவர் பக்கத்து அறையில் கூடவே முனகிப் பாடுகிற மாதிரி இருக்கும். சரியாக வாசித்திருந்தால் அது வந்திருக்காது.

அந்த இரண்டாவது எல்பியின் பெயர் 'தி 5000 ஸ்பிரிட்ஸ் ஆர் தி லேயர்ஸ் ஆஃப் தி ஆனியன்'. வண்ணம் பொங்கி வழிகிற அட்டை, 'தி ஃபூல்' என்ற டச்சு ஓவியக் குழு வரைந்தது. பாடகர் ராபர்ட் பிளாண்ட் பிற்காலத்தில், தன் ராக் குழுவான லெட் செப்பெலின் தொடங்கும்போது இந்தத் தட்டை வாங்கி அதில் சொன்னபடி செய்தோம் என்கிற தோரணையில் பேசியிருக்கிறார். லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. அந்தக் கட்டடம் முன்பு பால் பண்ணையாக இருந்தது. ஒலிப்பொறியாளர் ஜான் வுட். பாடகர் நிக் டிரேக்கின் தட்டுகளும் அங்கேதான் பதிவாயின, அவற்றில் முதல் இரண்டுக்கும் பாய்டும் வுட்டும்தான். சிதாரும் தம்புராவும் வாசித்திருப்பவர் 'சோமா' என்ற பெயரில் இருப்பார். அது நசீர் ஜைராஸ்பாய், லண்டனில் இந்திய இசை கற்பித்துக்கொண்டிருந்த ஆய்வாளர், வட இந்திய ராகங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். மற்ற பல வாத்தியங்களைக் கையில் கிடைத்தபடி வாசித்தவர்கள் சிதாருக்கு விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எது தங்களால் முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

சரி, அந்த நாலாவது பாட்டுக்கு வருகிறேன். நான் ஊசியை எடுத்த பாட்டு.

'எ வெரி செல்லுலர் சாங்', மைக் ஹெரன் எழுதியது, 13 நிமிடம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. குளிரைப் பற்றியும் போதாத துணியைப் பற்றியும் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பஹாமாஸ் தீவுகளின் ஒரு துதிப்பாடல் உள்ளே வரும், இறந்தவருக்கு "போய் வா, நல்லிரவு" என்று விடை கொடுக்கிற பாட்டு. அதை ஹெரன் எங்கே கேட்டிருப்பார் என்பது தட்டு சேகரிப்பவர்களுக்குப் பிடித்த கதை. 1965இல் பஹாமாஸில் பதிவு செய்து நான்சச் வெளியிட்ட ஒரு தொகுப்பில் பிண்டர் குடும்பமும் ஜோசஃப் ஸ்பென்ஸும் அதைப் பாடியிருப்பார்கள். நான்சச் எலெக்ட்ராவின் துணை நிறுவனம். அந்தத் தொகுப்பையும் தேடி வாங்கினேன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், பஹாமாஸ் கடலோரத்தில் சாவு வீட்டுப் பாட்டாக இருந்தது ஸ்காட்லாந்துப் பையன்கள் கையில் குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டாக மாறியிருப்பது தெரியும். அப்புறம் ஹார்ப்சிகார்ட், கைத்தட்டல், வாய்க்குள் வைத்து வாசிக்கிற மோர்சிங் மாதிரியான ஒன்று, யார் இழப்பார்கள், யார் அழகாக வாழ்வார்கள் என்கிற மாதிரி கேள்விகள். அதற்கப்புறம் அமீபா. நண்பன் வேண்டுமென்றால் நெளிந்து தன்னையே இரண்டாகப் பிளந்துகொள்கிற உயிர். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கி ஒரு வாழ்த்து. நீண்ட காலச் சூரியன் உன்மேல் ஒளி வீசட்டும் என்று திரும்பத் திரும்ப. இந்த வாழ்த்தை குண்டலினி யோகா வகுப்புகளில் இன்றும் முடிவில் பாடுகிறார்கள், பாடுகிறவர்களில் பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தட்டைத் திரும்ப எடுத்தது காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுந்து போய் ஊசியை எடுக்கத் தெம்பில்லை, அதனால் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த 13 நிமிடத்தை முழுசாகக் கேட்டேன். வடிவமே இல்லை என்று நான் நினைத்த பாட்டு குளிரில் தொடங்கி, சாவுக்கு விடை கொடுத்து, எல்லா உயிருக்கும் முந்திய ஒற்றைச் செல் உயிர்வரை இறங்கி, அங்கிருந்து எல்லோரையும் வாழ்த்துகிறது. சாவில் இருந்து நேராக வாழ்த்துக்குப் போக முடியாது, நடுவில் அந்த அமீபா வேண்டும். அது வேடிக்கைக்காக வைத்தது இல்லை. பாட்டின் பெயரிலேயே செல் இருக்கிறது, எனக்குத்தான் இரண்டு வருடம் ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் குழுவை ஒரு பாட்டு வைத்துக் கேட்கக்கூடாது. ஃபோனில் ஒரு பாட்டை அனுப்பி, கேட்டுப் பார் என்றால் கட்டாயம் தோற்றுப்போவீர்கள். ஒரு பக்கம், 20 சொச்சம் நிமிடம், எழுந்து போகாமல் கேட்க வேண்டும். எல்பி அதைத்தான் நம்மிடம் கேட்கிறது. நாங்கள் இந்தத் தட்டுகளைத் தேடி அலைவதற்கு அட்டையும் லேபிளும் முதல் அச்சும் காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும், ஓட்டத்தின் முடிவில் மெழுகுபோல் பளபளக்கிற வெற்று வளையத்தில் கீறியிருக்கும், எந்த அச்சு என்று காட்டுகிற மேட்ரிக்ஸ் எண்ணை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்ப்பதில் எனக்கும் சந்தோஷம் உண்டு. ஆனால் முதல் காரணம் அது இல்லை.

அதோடு இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது, இந்தத் தட்டுக்கே உரிய துக்கம் என்று சொல்லலாம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் இருந்தாலும் உள்ளே லேபிள் பக்கத்தில் இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம் ஒன்றுதான், ஆனால் உள்ளே போகப்போகச் சுற்றின் நீளம் குறைகிறது. வெளியில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிற ஊசி, கடைசியில் 20 சொச்சம்தான் ஓடும். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டும், அதனால் அங்கேதான் ஒலி சீக்கிரம் கெடும். அதிலும் இது கிட்டாரும் குரலும் குழலுமாக இருக்கிற மெல்லிய இசை, டிரம்ஸ் அடித்து மறைக்க ஆள் கிடையாது, ஒவ்வொரு வெடிப்பும் வெளியே கேட்கும். அன்றைக்கு இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், கனமான ஊசி வைத்த மலிவான பெட்டிகளில், எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருக்கிற அறையில், விடிய விடியப் போட்டார்கள். இந்தத் தட்டில் மிக மென்மையான பகுதி, அந்த வாழ்த்து, மிக மோசமான இடத்தில் விழுந்திருக்கிறது.

இதனால் ஒன்று நடக்கிறது. பழைய பிரதியை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அதிகம் ஓடிய பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கும், ஓடாத இடம் கறுப்பாகவே பளபளக்கும். என் 8 பவுண்டு பிரதியை ஒருநாள் அப்படிப் பார்த்தேன். முதல் மூன்று பாட்டும் சாம்பல். நாலாவது பாட்டின் தொடக்கமும் சாம்பல். பாதிக்கு மேல் கறுப்பு, புதுசு மாதிரி. அந்தத் தட்டை முன்பு வைத்திருந்தவர் யாரோ, அரை நூற்றாண்டுக்கு முன்னால், ஏறக்குறைய நான் எடுத்த அதே இடத்தில் ஊசியை எடுத்திருக்கிறார். ஒருமுறை இல்லை, பலமுறை. மூன்று பாட்டை அவ்வளவு விரும்பிக் கேட்டவர், அதைத் தாண்டிப் போகவே இல்லை. 1968இல் அந்தத் தட்டு பிரிட்டனில் ஆல்பம் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது. வாங்கிய அத்தனை பேரும் முழுக்கக் கேட்டிருப்பார்கள் என்று நம்புவதற்கு என் பிரதி இடம் கொடுக்கவில்லை.

ரசிகர்களுக்குள்ளேயே ஒரு பிளவு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1968 கடைசியில் குழு சயின்டாலஜி என்ற மத இயக்கத்தில் சேர்ந்தது. அதே வருடம் நவம்பரில் வந்த 'வீ டாம் அண்ட் தி பிக் ஹியூஜ்' வரைதான் பெரிய பாட்டுகள், அப்புறம் இறக்கம் என்பது ஒரு கட்சி. ஜோ பாய்டே தன் நினைவுநூலில் அந்த மாற்றத்துக்குப் பிறகு பாட்டுகளின் மாயம் குறைந்துபோனதாக வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். இன்னொரு கட்சி 1970இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் நடனக்குழுவோடு மேடையேறி, பத்திரிகைகளிடம் திட்டு வாங்கி, பிறகு இரட்டை எல்பியாக வந்த 'யூ'வைக்கூட விட்டுக்கொடுக்காது. நான் முதல் கட்சிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். 'யூ'வில் எனக்குப் பிடித்தது ஒரு பக்கம் தேறும், மீதியை நல்லது என்று சொல்லி வாதாட என்னால் முடியாது. 1974இல் குழு கலைந்தபோது கிட்டத்தட்ட ஒரு சாதாரண ராக் குழு ஆகியிருந்தார்கள், எல்லோரும் சுருதியில் இருந்தார்கள், எனக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை.

ஆனால் பிறகு குழுவில் சேர்ந்த ரோஸ் சிம்ப்சனையும் லிக்கரிஷ் மெக்கெக்னியையும் பற்றி ஏளனமாகப் பேசுவதை மட்டும் பொறுக்க முடியாது. காதலிகள் என்பதால் மேடையில் ஏற்றினார்கள், வாசிக்கத் தெரியாது என்பார்கள். ரோஸ் மலையேற்றம் பழகிய பல்கலைக்கழக மாணவி, குழுவுக்கு வந்த பிறகுதான் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டார். அதனாலேயே அவர் வாசிப்பில் அலங்காரம் கிடையாது. இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கும்போது பாட்டு தரையில் நிற்பது அவரால். 2020இல் அவர் எழுதிய நினைவுநூல், இந்தக் குழுவைப் பற்றி வந்ததில் மிக நேர்மையான புத்தகம் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழா பற்றி யாரும் கேட்காமல் இருப்பதில்லை. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை இரவு, நாட்டுப்பாடல்காரர்களுக்கான இரவு, அதில் இவர்கள் பாட வேண்டியது. மழை வந்தது. மின்சாரம் பாய்கிற வாத்தியங்களோடு ஈரத்தில் நிற்க மறுத்தார்கள். அந்த இடத்தில் மெலனி என்ற, அப்போது யாருக்கும் தெரியாத பெண் போய்ப் பாடினார், அவர் வாழ்க்கையே மாறிப்போனது. இவர்கள் மறுநாள் சாயங்காலம் வெயிலில், கீஃப் ஹார்ட்லி குழுவுக்கும் கேன்ட் ஹீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஆட வந்த கூட்டத்துக்கு முன்னால், பெரும்பாலும் யாரும் கேட்டிராத புதுப் பாட்டுகளைப் பாடினார்கள். விழாவைப் பற்றிய படத்திலும் வரவில்லை. வெள்ளிக்கிழமையே மழையில் பாட வைக்காமல் விட்டதை பாய்ட் பிறகு தன் தவறாகவே சொன்னார். நான் அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறேன். மோசமாக ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கான பேருக்கு நடுவே, ஒரு சின்ன அறையில் பாட வேண்டியதை அறையில் பாடுவது மாதிரியே பாடுகிறார்கள். மாற்றிக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது மனம் வரவில்லை.

என் அம்மா மன்னார்குடியில் எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவர். வீடியோ காலில் பேசும்போது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "யாருப்பா இது, இப்படி வழுக்கிக்கிட்டே இருக்கான்?" என்றார். முதல் எல்பியின் 'அக்டோபர் சாங்'கை முழுதாகப் போட்டேன், பாப் டிலன் ஒரு பேட்டியில் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பாட்டு அது. வெறும் கிட்டாரும் வில்லியம்சன் குரலும். கண்ணை மூடிக் கேட்டார். "கமகம்னு சொல்ல முடியாது இதை. கணக்கு இல்ல. ஆனா எங்க போய் நிக்கப்போறோம்னு தெரிஞ்சுதான் வழுக்குறான், பாரு, ஒவ்வொரு வரியும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பி வருது" என்றார். அப்புறம், "ஆனா இன்னொரு தடவை போடாத" என்றார். குரலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இதை நம்புகிறேன்.

இரண்டாவது பிரதியை எடின்பரோவில் ஒரு தட்டுச் சந்தையில் வாங்கினேன், 60 பவுண்டு, யாரும் தொடாதது மாதிரி இருந்தது. விளிம்பில் இருந்து லேபிள்வரை ஒரே கறுப்பு. வாழ்த்து அதில் கண்ணாடி போலக் கேட்கிறது, பின்னால் சேர்ந்து பாடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பிரித்து எண்ணலாம். விருந்தினர் வந்தால் அதைப் போடுவேன்.

மூன்றாவது, போன வருடம் வந்தது. அதே மாதிரிச் சந்தைகளில் பழக்கமான ஒரு பெரியவர், 70 தாண்டியவர், இந்தக் குழுவை மேடையில் பார்த்தவர், பெரிய வீட்டை விட்டுச் சின்னக் குடியிருப்புக்கு மாறப்போவதால் தட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இதைக் கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்கிற குரலில், "முதல் பக்கம் கடைசியில் சத்தம் சரியாக இருக்காது, நீங்கள் எதிர்பார்த்துவிடாதீர்கள்" என்றார். வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் சாய்த்தேன். முதல் மூன்று பாட்டும் ஓரளவு கறுப்பு. நாலாவது தொடக்கத்தில் இருந்தே சாம்பல், உள்ளே போகப்போக வெளுப்பு, லேபிளை ஒட்டிய விரல் அகலம் ஏறக்குறைய வெள்ளை. ஊசியை வைத்தால் அந்த வாழ்த்து அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்குள் இருந்து வருகிறது, சொற்கள் பாதிதான் கேட்கின்றன, மீதி எனக்கு மனப்பாடம்.

தனியாக இருக்கும்போது அதைத்தான் போடுகிறேன்.